மாஸ்டர் பதில்கள்: பக்கத்தில் யார்?

போன இதழில் போர்ட்லேண்ட் கூடைப்பந்து அணியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "அங்கே நல்ல கார்டு இரண்டு பேர் இருந்தார்கள், ஜோடிதான் இல்லை." அதற்கு வந்த கடிதங்களே மேஜை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளுக்கு லீவு.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐந்து பேர் ஆடும் அணியில் கார்டுகள் இரண்டு பேர். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருகிறவர் பாயிண்ட் கார்டு. அவருக்குத் துணையாக ஓடுகிறவர் ஷூட்டிங் கார்டு. அணியில் குள்ளமானவர்கள் பெரும்பாலும் இந்த இருவர்தான். குள்ளம் என்றால் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ. கணக்கில் ஆறடிக்கு மேல். நம் ஊர் பஸ்ஸில் தலை இடிக்கும்.

போர்ட்லேண்டின் லில்லார்ட், மெக்காலம் இருவருமே ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல் போட்டவர்கள். இதற்கு மேல் என்ன ஜோடி வேண்டும் உங்களுக்கு?
- கல்லூரி மாணவர், திருச்சி

கோபம் புரிகிறது தம்பி. எனக்கும் அந்த இருவரையும் பிடிக்கும். 2019-ல் டென்வரில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் மெக்காலம் 37 புள்ளி எடுத்ததை நடுராத்திரி விழித்திருந்து பார்த்து, வீட்டில் திட்டு வாங்கியவன் நான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். டேமியன் லில்லார்ட் 2012 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்குவதில், ஆறாவதாக எடுக்கப்பட்டவர். சி.ஜே. மெக்காலம் 2013-ல் பத்தாவது. 2014 முதல் 2021 வரை எட்டு வருடம் தொடர்ந்து போர்ட்லேண்ட், கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளே-ஆஃபுக்குப் போனது. அதில் மேற்குப் பிரிவு இறுதிவரை போனது ஒரே ஒரு தடவை, 2019-ல். அங்கேயும் கெவின் டுராண்ட் காயத்தால் ஆடாத கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் 4-0 என்று தோற்றது.

புள்ளி எடுப்பதில் குறையே இல்லை. சிக்கல் எதிர்ப்பக்கம் பந்து போனபோதுதான். லில்லார்ட் 6 அடி 2 அங்குலம், மெக்காலம் 6 அடி 3. இருவரும் தடுப்பதில் சுமார். இந்தக் காலத்து என்.பி.ஏ.வில் எதிரணி என்ன செய்யும் தெரியுமா? யார் தடுப்பில் சுமாரோ, அவர் காவல் காக்கும் ஆளையே ஸ்கிரீன் போடக் கூப்பிடும். ஸ்கிரீன் என்றால் வழியை மறித்து நிற்பது. அதில் காவல் ஆள் மாறிப்போவார். எதிரணியின் நட்சத்திரத்துக்கு முன்னால் உங்கள் பலவீனமான ஆள் தனியாக நிற்பார். பிறகு என்ன, ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இப்படிப்பட்ட ஆள் ஒருவர் என்றால் மூலையில் நிற்கும் சுமாரான ஷூட்டரிடம் அனுப்பி ஒளித்து வைக்கலாம். இரண்டு பேரை ஒளித்து வைக்க மைதானத்தில் இடம் கிடையாது.

2018 முதல் சுற்றை நினைத்துப் பாருங்கள். போர்ட்லேண்ட் மூன்றாம் இடம், நியூ ஆர்லியன்ஸ் ஆறாம் இடம். நியூ ஆர்லியன்ஸின் ஜ்ரூ ஹாலிடே என்ற கார்டு லில்லார்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. லில்லார்டின் சராசரி 18.5 புள்ளிக்கு இறங்கியது. நான்காவது ஆட்டத்தில் அதே ஹாலிடே 41 புள்ளி எடுத்தார். தொடர் 4-0. ஹாலிடேயைத் தடுக்கப் போர்ட்லேண்டில் ஒரு கார்டு இல்லை. ஹாலிடே என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பொருத்தமான ஆள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார். வெஸ்லி மேத்யூஸ். அகலமான உடம்பு, எதிரணியின் முரட்டு கார்டைத் தானே வாங்கிக்கொள்வார், பந்து வந்தால் மூன்று புள்ளி எறிவார், வராவிட்டால் முகம் சுளிக்க மாட்டார். 2015 மார்ச்சில் அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில் டல்லஸுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மெக்காலம் வந்தார், 20.8 சராசரி எடுத்தார், 'மிக அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர்' விருதும் வாங்கினார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். மேத்யூஸ் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கோல்டன் ஸ்டேட் மான்டே எல்லிஸை விற்றது புத்திசாலித்தனம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, மாஸ்டர்? உண்மையைச் சொல்லுங்கள்.
- வங்கி ஊழியர், கோவை

தெரியாது. முட்டாள்தனம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் கிரிக்கெட் பார்ப்பவர், பாவம்.

2012 மார்ச் நிலவரம் இது: எல்லிஸ் அணியின் முதல் ஸ்கோரர், ரசிகர்களின் செல்லம். ஸ்டெஃபன் கர்ரிக்குக் கணுக்கால் அடிக்கடி பிசகும், அந்த சீசனில் மொத்தமே 26 ஆட்டம். நியாயமாக யாரை விற்பீர்கள்? அவர்கள் எல்லிஸை மில்வாக்கிக்குக் கொடுத்து ஆண்ட்ரூ போகட் என்ற உயரமான சென்டரை, அதாவது கூடைக்கு அடியில் காவல் நிற்பவரை, வாங்கினார்கள். அவருக்கும் அப்போது கணுக்கால் முறிவு! சில நாள் கழித்து, அணியின் பழைய நட்சத்திரம் கிறிஸ் மல்லினின் ஜெர்சியைக் கௌரவிக்கும் விழாவில் உரிமையாளர் ஜோ லேகப் மைக்கைப் பிடித்தபோது, அரங்கமே எழுந்து ஊளையிட்டது. அவரால் பேசவே முடியவில்லை.

ஆனால் எல்லிஸே 2009-ல், கர்ரி வந்த புதிதில், இருவரும் சேர்ந்து ஆட முடியாது, இரண்டு பேருமே சின்ன உருவம் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். திமிர் என்று பலர் திட்டினார்கள். அந்த மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை.

எல்லிஸ் போன பிறகு அந்த இடம் யாருக்குப் போனது? 2011-ல் பதினொன்றாவதாக எடுத்த கிளே தாம்ப்சன். 6 அடி 6 அங்குலம். எதிரணியின் முதல் கார்டைத் தாம்ப்சன் பார்த்துக்கொண்டார், கர்ரி ஆபத்து குறைந்தவரிடம் போனார். இது ஒரு பாதி.

மறுபாதி பந்து நம்மிடம் இருக்கும்போது. 2016 டிசம்பர் 5, இந்தியானாவுக்கு எதிராகத் தாம்ப்சன் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த 60-க்கு அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 தடவை. பந்து அவர் கையில் இருந்தது சுமார் 90 வினாடி. மற்ற நேரமெல்லாம் ஓட்டம்தான்: ஸ்கிரீனைச் சுற்றி, மூலைக்கு, மறுபடி மேலே. அவரைத் துரத்துகிறவன் கர்ரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. கர்ரி பந்தை வைத்துக்கொண்டு யோசிக்க அந்த இடைவெளி போதும்.

எல்லிஸுக்கும் 60 எடுக்கிற திறமை இருந்திருக்கலாம். 11 தட்டில் முடியாது. அவருக்குப் பந்து வேண்டும், கர்ரிக்கும் பந்து வேண்டும், பந்து ஒன்றுதான். 2015, 2017, 2018, 2022 என்று நான்கு கோப்பை வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

டெட்ராய்டின் ஐசையா தாமஸ், ஜோ டுமார்ஸ் இருவரும் குள்ளம்தான். 1989, 1990 இரண்டு வருடமும் கோப்பை. உங்கள் உயரக் கணக்கு உதைக்கிறதே?
- ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

உதைக்கட்டும், நல்ல உதை. உயரத்தைச் சொன்னது சுருக்கு வழி. உண்மையான கேள்வி, எதிரணியின் மிகப் பெரிய தொல்லையை இந்த இருவரில் யார் ஏற்பார் என்பது. 6 அடி 3 அங்குல டுமார்ஸ் மைக்கேல் ஜோர்டானையே ஏற்றார். அந்தக் காலத்தில் எதிராளியின் இடுப்பில் கையை வைத்துத் தடுக்க அனுமதி அதிகம், பின்னால் தடுப்புக்குப் பேர்போன டென்னிஸ் ராட்மன் வேறு இருந்தார். இருந்தாலும் முதல் சுமை டுமார்ஸுடையது. அதோடு, தாமஸ் ஆட்டத்தை நடத்தும்போது டுமார்ஸ் அமைதியாக ஓரத்தில் நிற்பார், தேவை வந்தால் இவரே நடத்துவார். 1989 இறுதித் தொடரில் லேக்கர்ஸை 4-0 என்று வீழ்த்தியபோது சிறந்த ஆட்டக்காரர் விருது டுமார்ஸுக்கு. அடுத்த வருடம் அதே விருது தாமஸுக்கு. இதைவிட நல்ல ஜோடி நான் பார்த்ததில்லை ஐயா.

ஜோர்டான் பக்கத்தில் பெரிய பாயிண்ட் கார்டு யாருமே இல்லையே, ஏன்?
- பெயர் வேண்டாம் என்றவர், சேலம்

தேவைப்படவில்லை. சிகாகோ அணியில் ஜோர்டானும், அவரோடு ஆடிய ஸ்காட்டி பிப்பனும் பந்தைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சரியான இடத்தில் நின்று, வந்த பந்தைக் கூடையில் போட்டால் போதும். ஜான் பாக்சன் 1991 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் எட்டு எறிந்து எட்டையும் போட்டார். 1993-ல் பீனிக்ஸில் கோப்பையை உறுதி செய்த மூன்று புள்ளியும் அவருடையதே. 1997-ல் அதே வேலையை ஸ்டீவ் கெர் செய்தார். பிற்பாடு வாரியர்ஸ் கோச்சாகக் கர்ரியையும் தாம்ப்சனையும் வழிநடத்தியவரும் இந்தக் கெர்தான்.

ஓக்லஹாமா சிட்டி 6 அடி 8 அங்குலமுள்ள ஜாஷ் கிடியைக் கொடுத்துவிட்டு, பெரிதாக ஸ்கோர் போடாத அலெக்ஸ் கருசோவை வாங்கியது. எனக்கு இன்னும் புரியவில்லை.
- பொறியியல் மாணவி, சென்னை

அங்கே ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் இருக்கிறாரே அம்மா. ஆட்டமே அவர் கையில்தான். கிடி அழகாகப் பாஸ் கொடுப்பார், கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுப்பார். ஆனால் தொலைவிலிருந்து அவர் எறிவதை யாரும் பயப்படவில்லை. 2024 இரண்டாம் சுற்றில் டல்லஸ் என்ன செய்தது? கிடிக்குக் காவலாக ஒரு நெட்டையரைப் போட்டு, அவரைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிட்டது. "நீ எறிந்துகொள்" என்று கிடியை விட்டுவிட்டார்கள். ஷாய் உள்ளே புகும்போதெல்லாம் அங்கே கூடுதலாக ஓர் ஆள். தொடர் முடிவதற்குள் முதல் ஐவரில் கிடிக்கு இடம் போயிற்று, தொடரும் போயிற்று.

அந்த ஜூனில் கிடி சிகாகோவுக்கு, கருசோ ஓக்லஹாமா சிட்டிக்கு. நேருக்கு நேர் மாற்று. கருசோவை 2016 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. ஓக்லஹாமா சிட்டியின் இரண்டாம் நிலை அணியில்தான் தொடங்கினார். 2025 இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இந்த 6 அடி 5 அங்குல மனிதரை டென்வரின் 6 அடி 11 அங்குல நிகோலா யோகிச்சின் மேல் ஏவிவிட்டார்கள். முன்னால் நின்று, பந்து வரும் வழியை மறித்து, கையைத் தட்டி, அந்தப் பெரிய உடம்பை எரிச்சலூட்டிக்கொண்டே இருந்தார். 125-93 என்று வெற்றி. அடுத்த மாதம் கோப்பை.

கிடி மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். சிகாகோவில் பந்து அவர் கையில் இருக்கிறது, நன்றாக ஆடுகிறார்.

ஹார்டன், கிறிஸ் பால் இருவருக்கும் பந்து கையில் வேண்டும். அப்படியும் ஹூஸ்டன் 2017-18-ல் 65 ஆட்டம் ஜெயித்ததே?
- வாசகர், மதுரை

ஒருவர் உட்காரும்போது இன்னொருவர் நடத்துவார், அப்படி நிமிடங்களைப் பிரித்தார்கள். சேர்ந்து நிற்கும்போதும் இருவருக்கும் எறியத் தெரியும், கிறிஸ் பாலுக்குத் தடுக்கவும் தெரியும். பாலின் தொடைத் தசை மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த வருடம் மேற்குப் பிரிவு இறுதியில் ஹூஸ்டனை வீழ்த்திய வாரியர்ஸின் கதை வேறு. பிறகு பாலைக் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள், அவருக்கு எறிவது சரிவராது. அவர் உள்ளே புக வழி வேண்டுமென்று 2020-ல் சென்டர் கபேலாவையே விற்றார்கள். செருப்புக்காகக் காலை வெட்டுவது என்பார்களே, அது.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி டீமில் அவளை "செகண்ட் கார்டு" என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டாம் தரம் என்று நினைத்து சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன சொல்வது?
- ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, முதலில் அவளுக்குச் சாப்பாடு போடுங்கள். அப்புறம் என் கதையைச் சொல்லுங்கள்.

கல்லூரியில் நான் செகண்ட் கார்டுதான். முதல் கார்டு ஒரு மகாராஜா, பந்தைத் தட்டினால் தரையே அதிரும். நான் சிமெண்ட் தரையில், தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூவோடு இடது மூலைக்கு ஓடுவேன், வலது மூலைக்கு ஓடுவேன். ஒரு ஆட்டத்தில் நான்கு தடவை பந்து வந்தால் அதிகம். அம்மாவிடம் "இன்னைக்கு ஆடினேன்" என்று சொல்லவே வெட்கமாக இருக்கும்.

பிற்பாடு பி.டி. மாஸ்டரானேன். என் பெண்கள் அணியை முதன்முதலாக மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனபோது, நன்றாகத் தட்டுகிற இரண்டு பெண்களையும் சேர்த்து இறக்கினேன். ஒருத்தி தட்டும்போது மற்றவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். மாற்றி மாற்றி இதே நடந்தது. மூன்று புள்ளியில் தோற்றோம். வரும்போது பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது.

அடுத்த வாரம் பயிற்சியில் ஒரு விதி வைத்தேன்: மூன்று பேருக்கு மூன்று பேர், யாரும் பந்தைத் தட்டக் கூடாது. பிடி, கொடு, ஓடு. முதல் பத்து நிமிடம் சந்தைக்கடை. அப்புறம் ஒரு பெண் தெரிய ஆரம்பித்தாள். பந்தைக் கேட்கவே மாட்டாள். கொடுத்த கையோடு வேறு இடத்துக்கு ஓடுவாள், திரும்பிப் பார்த்தால் ஆளில்லாத இடத்தில் நிற்பாள். எதிரில் யார் நின்றாலும் அவளைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டு மாதமாக அவள் என் அணியில்தான் இருந்தாள், பெஞ்சில். தட்டுகிற இருவரில் ஒருத்தியோடு அவளைச் சேர்த்தேன். இன்னொருத்தியை இரண்டாம் கால்பகுதியில் இறக்கினேன், அவளுக்கும் முழுப் பந்து கிடைத்தது. அந்த வருடம் அரையிறுதி வரை போனோம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: பந்து வருவதற்கு முன்பே பாதம் கூடையைப் பார்த்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு மூலையிலிருந்தும் தினம் ஐம்பது ஐம்பது எறியட்டும். தடுக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கட்டும், கண் பொய் சொல்லும். முக்கியமாக, வாயைத் திறந்து பேசட்டும். "ஸ்கிரீன் வருது, இடது பக்கம்" என்று கத்துகிற பெண் எந்த அணிக்கும் வேண்டும். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

ஹாலிடே கதை கடைசியில் என்ன ஆனது?
- இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன்

ஹாலிடே 2020-ல் மில்வாக்கிக்குப் போனார். 2021 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், கடைசி வினாடிகளில், பீனிக்ஸின் டெவின் புக்கர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி, ஓடிப்போய் மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸுக்குத் தூக்கிப் போட்டார். மில்வாக்கிக்குக் கோப்பை வந்தது. 2023 செப்டம்பரில் அதே மில்வாக்கி, யானிஸுக்குத் துணையாக இன்னும் பெரிய ஸ்கோரர் வேண்டுமென்று போர்ட்லேண்டிலிருந்து லில்லார்டை வாங்கியது. பதிலுக்குப் போனவர்களில் ஹாலிடேயும் ஒருவர். போர்ட்லேண்டுக்கு அவர் அப்போது வேண்டாம். நான்கே நாளில் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பாஸ்டனில் டெரிக் ஒயிட் என்ற கார்டு பக்கத்தில் நின்றார். இருவரும் தடுப்பார்கள், எறிவார்கள், பந்து வேண்டுமென்று அடம்பிடிக்க மாட்டார்கள். 2024 கோப்பை பாஸ்டனுக்கு. லில்லார்டோடு மில்வாக்கி 2024, 2025 இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே இந்தியானாவிடம் தோற்றது. இரண்டாவது தடவை லில்லார்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது, மேத்யூஸுக்கு அறுந்த அதே இடம்.

2025 கோடையில் பாஸ்டன் ஹாலிடேயைப் போர்ட்லேண்டுக்கு விற்றது. சில நாளில் மில்வாக்கி லில்லார்டை விடுவிக்க, அவரும் மூன்று வருட ஒப்பந்தத்தில் போர்ட்லேண்டுக்கே திரும்பினார். ஆக, லில்லார்ட் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டிய ஆள் ஒருவழியாக வந்து சேர்ந்தார். அப்போது இருவருக்கும் 35 வயது, ஒருவர் காலில் கட்டு. 2018-ல் தன்னை எப்படிப் பிடித்தார் என்று லில்லார்ட் இனிப் பயிற்சியில் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.